நடுவில் வைத்த பச்சைத் துண்டு

திண்டுக்கல்லில் உட்கார்ந்து போர்வை தைக்கிறவளிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இந்த வேக்காட்டுல போர்வை யாருக்கு?" சிலிண்டர் போட வந்தவர் கேட்டார். மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் கேட்டாள். வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியாரும் ஃபேனுக்குக் கீழே நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "வெளங்குற ஆளுக்குத்தான் சாமி" என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் கையில் தீர்த்தச் செம்பு இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

மார்கழியில் சிறுமலைப் பக்கமிருந்து காற்று இறங்கும்போது மட்டும் இதே ஆட்கள் வருவார்கள். "ஒண்ணு இருந்தா குடுங்களேன்." கொடுத்தால் எப்படி வைத்துக்கொள்கிறார்கள் தெரியுமா? என் கொழுந்தனார் வீட்டில் நான் இரண்டு மாதம் தைத்த போர்வை, இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் கீழே நான்காக மடித்துக் கிடக்கிறது. ஆசிட் பட்டு ஒரு ஓரமே பொசுங்கிவிட்டது. "தரையில கறை படுதுன்னு வச்சேன்" என்றாள் அவர் மனைவி, சிரித்துக்கொண்டே. அன்று அந்த வீட்டில் காபி குடிக்காமல் எழுந்து வந்தவள், இன்னும் குடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் இந்த வேலைக்கு வைத்திருக்கும் பெயர் 'கந்தல் கம்பெனி'. அவர் தூங்குவது அந்தக் கந்தல் மேல்தான்.

எனக்குக் கோபம் அதிகம் என்பார்கள். உண்மைதான். இறைச்சிக் கடைக்காரரிலிருந்து கரண்ட் கணக்கெடுக்க வருகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். இதை முதலிலேயே சொல்லி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இவ்வளவு வாய் இருப்பவளுக்கு வாய் வேண்டியிருந்த ஒரே நாளில் அது எங்கே போனது என்பதைத்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

இருபது வருடம் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தேன். அது பிறத்தியார் உடம்போடு போடுகிற சண்டை. கை இறுக்கம், கழுத்து இறக்கம், போன மாதம் கொடுத்த அளவுக்கும் இந்த மாத உடம்புக்கும் சம்பந்தமே இருக்காது, ஆனால் தப்பு தைத்தவள் தலையில். ஒருநாள் ஒருத்தி ஜாக்கெட்டைத் தூக்கி மிஷின் மேல் எறிந்தாள். மறுநாளே வாசலில் மாட்டியிருந்த போர்டைக் கழற்றிவிட்டேன். மிஷினை மட்டும் விற்கவில்லை. வீட்டில் பழைய சேலைகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஒரு மூட்டையைப் பிரித்துச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டிப் பார்த்தேன். போர்வைக்கு இடுப்பும் இல்லை, கழுத்தும் இல்லை, வாயும் இல்லை. அம்புட்டு நிம்மதி.

ஆனால் சுலபம் என்று எவராவது சொன்னால் அவர்களை என் மிஷினில் ஒரு மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். பழைய துணி ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயது. ஒன்று பத்து வருடம் துவைத்தது, ஒன்று இரண்டே முறை கட்டிப் பெட்டியில் போட்டது. இரண்டையும் ஒட்டினால் நீரில் போட்டதும் ஒன்று சுருங்கும், மற்றது உப்பும். கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் இருந்தது போலத்தான். ஆகவே ஒவ்வொரு துணியையும் முதலில் வெந்நீரில் போட்டு, காயவைத்து, தேய்த்து, அதன்பிறகுதான் வெட்ட வேண்டும். மேலே ஒட்டுச் சதுரங்கள், நடுவில் பழைய வேட்டி இரண்டு மடிப்பு, அடியில் ஒரு முழுச்சேலை. மூன்றையும் சேர்த்து அடுக்கினால் மிஷின் ஊசி பட்டென்று உடையும். அதனால் அந்தக் கடைசித் தையலைக் கையால்தான் ஓட்டுவேன். முழங்காலுக்கு மேல் போட்டுக்கொண்டு தைக்கும்போது தொடையில் வேர்க்குரு வெடிக்கும். ஃபேனைக் கூட்டினால் துண்டுகள் பறக்கும். விரல் நுனி சல்லடையாகும்.

இவ்வளவு பட்டும் ஏன் செய்கிறேன் என்றால், நான்கு சதுரங்களின் நான்கு முனைகளும் ஒரு புள்ளியில் வந்து சேரும் பாருங்கள், அதற்காகத்தான். நூல் பிசகாமல் சேர்ந்துவிட்டால் அன்றைக்குச் சோறு இரண்டு கரண்டி கூடவே இறங்கும். யாரிடமும் காட்ட வேண்டும் என்றுகூட இல்லை. நானே விரலால் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

காட்டுவதென்றால் அக்காவிடம் காட்டுவேன். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். கல்யாணமாகி ஏழாவது மாதத்தில் லாரி மோதி அவள் புருஷன் போனார். பிள்ளை கிடையாது. அதற்குப் பிறகு நர்ஸ் படித்தாள். இந்த ஊரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் ரிட்டயர் ஆகும் வரைக்கும் வேலை பார்த்தாள். என் வீட்டில்தான் இருக்கிறாள். என் வீடு என்று சொல்வதே தப்பு. வாசல் கேட்டிலிருந்து பின்கட்டுத் தளம் வரைக்கும் அவள் சம்பளமும் இதில் இருக்கிறது. என் மகளை நான் பெற்றேன், அவள் வளர்த்தாள். நான் ஜாக்கெட் அளவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வருடங்களில் அந்தப் பெண்ணுக்குத் தலை வாரியதும் வாய்ப்பாடு கேட்டதும் அக்காதான்.

போர்வை வேலையில் அவளுக்கும் பங்கு உண்டு. சேலையின் ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு சின்ன வெட்டு உண்டாக்கி, இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாகக் கிழிப்பாள். கத்திரிக்கோல் தோற்றுப்போகும், அவ்வளவு நேராகப் போகும். என் கண் மங்கிவிட்டதால் ஊசிகளில் நூல் கோத்து வரிசையாகக் குத்தி வைப்பதும் அவள்தான். எங்களுக்குள் சண்டை வராத நாள் இல்லை. நான் கத்துவேன். அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்வாள். நான் அதற்கும் கத்துவேன்.

மகளை ஒட்டன்சத்திரத்தில் கொடுத்திருக்கிறோம். எங்களைப் போலவே மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம், காய்கறி மார்க்கெட்டில் வியாபாரம். மாப்பிள்ளை நல்ல மாதிரி. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதால் வளையல் போட்டு ஒன்பதாம் மாதம் இங்கே அழைத்து வந்தோம். வந்த மறுநாளே மிஷின் பக்கத்தில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "அம்மா, பாப்பாவுக்கு ஒரு போர்வ தைச்சுக் குடு. கடையில வாங்குன மாதிரி வேணாம். ஒன் சேல, பெரியம்மா சேலயெல்லாம் போட்டு."

எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய சேலையிலோ வேட்டியிலோதான் முதலில் சுற்றி வாங்குவோம். நான் சேலைகளை எல்லாம் கட்டிலில் பரப்பிக் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மெத்தானது அக்காவின் பச்சைச் சுங்குடி. சின்னாளப்பட்டியில் வாங்கியது, உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி. டியூட்டியிலிருந்து வந்ததும் வெள்ளைச் சேலையை அவிழ்த்துப் போட்டுவிட்டு அதைத்தான் கட்டுவாள். என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அதைக் கையில் எடுத்ததும் அக்கா சொன்னாள்.

"என்னுது வேணாம்டி. பிள்ளைக்கு மொதத் துணி. ஒன்னுத போடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாயக் கழுவு. எந்தக் காலத்துல இருக்க நீ? இந்த ஊர்ல பாதிப் பேர மொதல்ல தொட்டதே ஒன் கைதான். அன்னைக்கு எவளாவது ஒன் நெத்தியப் பாத்தாளா?"

அவள் சேலையை என் கையிலிருந்து வாங்கினாள். ஓரத்தைக் கடித்துக் கிழித்துக் கொடுத்தாள். நான் வேண்டுமென்றே அந்தப் பச்சையைப் பெரிய சதுரமாக எடுத்து, குழந்தையின் முதுகு படுகிற நடு இடத்தில் வைத்தேன். சுற்றிலும் என் சேலைகள், மகளின் பழைய தாவணி, எங்கள் அப்பாவின் வேட்டிக் கரை. மூன்று வாரம் ஆனது. நடுச் சதுரத்தின் நான்கு முனையும் மயிரிழை பிசகாமல் வந்து சேர்ந்தது. அப்படி ஒரு வேலையை அதற்கு முன் நான் செய்ததில்லை. அக்கா அதன் மேல் உள்ளங்கையை வைத்துச் செத்த நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. போட்டோ எடுத்து இரண்டு குடும்பமும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் போட்டேன்.

மறுநாள் காலையில் சம்பந்தியம்மா போன் செய்தார்.

"ஏனுங்க சம்பந்தி, சாப்பிட்டாச்சுங்களா? போர்வ போட்டாவப் பாத்தனுங்க. உங்க கைக்கு வராத வேலையே இல்லீங்க."

நான் குளிர்ந்துபோனேன். அத்தனை பேர் கந்தல் என்று சொல்லிக் கேட்டவளுக்கு அது போதாதா?

"அந்த நடுவுல இருக்கற பச்சச் சுங்குடி, பெரியக்காளுதுங்களா? நாங்க பொண்ணு பாக்க வந்தப்ப அடுப்படியில அவிய கட்டியிருந்தாப்பல ஞாபகமுங்க."

"ஆமாங்க, அக்காவோடதுதான்."

சம்பந்தியம்மா குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனச்சுக்காதீங்க. பெரியக்கா தங்கமானவிய. ஆனா பாருங்க, மொதத் துணிங்க. வாழ்ந்தவிய சேலையா இருந்தா நல்லதுன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டுமுங்க. நடுவுல இருக்கறத மட்டும் மாத்திப் போடுங்களே."

வாழ்ந்தவர்கள். அப்படியென்றால் என் அக்கா இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தாள்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முன்வரிசையில் முழங்கால் போடுகிற பெண்மணி, எந்தச் சாமியார் பிரசங்கத்தில் இதைக் கேட்டார்? இதையெல்லாம் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கு என்னைவிட்டால் இந்தத் தெருவில் ஆள் கிடையாது. நான் சொன்னது இதுதான்:

"சரிங்க சம்பந்தி. மாத்திடறேங்க."

அவர் பேசுகிற 'ங்க' கூட என் வாயில் ஒட்டிக்கொண்டது. போனை வைத்தேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் சொன்னார், "சரின்னு சொன்னதே நல்லது. நாளைக்கு நம்ம பிள்ள அங்க போயி வாழணும்ல." எனக்கு அந்தப் பேப்பரைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. கிழிக்கவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதைத்தான் நானும் நினைத்திருந்தேன். பெண்ணைப் பெற்றவள் என்ற பயம். அந்தப் பயத்துக்குத் தீனியாக என் அக்காவைத்தான் தூக்கிப் போட்டேன், வேறு யாரையும் இல்லை.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. பெண் பார்க்க வந்த அன்று அக்கா ஏன் அடுப்படியிலேயே இருந்தாள்? கூடத்துக்கு வா என்று நான் கூப்பிட்டேனா? எவ்வளவு யோசித்தும் கூப்பிட்டதாக ஞாபகம் வரவில்லை.

அன்று மத்தியானம் மகள் தூங்கியதும் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு பிளேடை எடுத்தேன். மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் ஓட்டிய தையல்; அதைப் பிரித்தால்தான் ஓரத் தையலுக்குப் போக முடியும். மிகவும் அழுத்தமாகத் தைத்திருந்தேன், பாவி. முதல் இழையிலேயே பிளேடு வழுக்கித் தாவணித் துண்டைக் கீறிவிட்டது. அக்கா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"என்னடி பண்ற?"

"சுருங்கிப்போச்சுக்கா. அந்தத் துண்டு ஓரம் இழுக்குது. மாத்திப் போடணும்."

அவள் கீழே உட்கார்ந்து அந்தப் பச்சை மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். அது துளிகூட இழுக்கவில்லை. தண்ணீர் மாதிரி சமமாகக் கிடந்தது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். கையை எடுத்துக்கொண்டு, "ஆமா, இழுக்குது" என்றாள்.

பிறகு உள்ளே போய்த் தன் பழைய நர்ஸ் பையை எடுத்து வந்தாள். அதில் வளைந்த சின்னக் கத்திரியும் இடுக்கியும் இருந்தன. "தள்ளு. ஒடம்புல போட்ட தையலப் பிரிச்ச கை இது. நீ பிள்ளத் துணியக் கிழிச்சுப்புடுவ." இடுக்கியால் ஒவ்வொரு தையலையும் லேசாகத் தூக்கி, கத்திரி முனையால் வெட்டி, நூலை உருவி எடுத்தாள். ஒரு துணியிழைகூட அறவில்லை. நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தன் சேலையைத் தானே பிரித்து எடுத்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைத் துண்டு கழன்று வந்ததும் அதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த ஓட்டை வழியாகத் தெரிந்த வேட்டி மடிப்பைச் சரிசெய்தாள்.

"எதப் போடப் போற?"

"என் மஞ்சச் சேல இருக்கு."

"அது முரடு. ரெண்டு தடவ வெந்நியில போட்டு எடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். திட்டவில்லை. அந்த மஞ்சளை வைத்துத் தைத்தேன். நான் வாழ்ந்தவள் அல்லவா? என் சேலை எவ்வளவு முரடாக இருந்தாலும் பிள்ளை முதுகுக்கு ஆகும். முனைகள் சேரவில்லை. ஒரு மூலை நெல் மணி அகலத்துக்கு விலகியே நின்றது. திரும்பத் தைக்க எனக்குத் தெம்பு இல்லை.

இரண்டு வாரத்தில் மகளுக்கு வலி எடுத்தது. அக்கா வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்து சேர்ந்தார்கள். வார்டு வாசலில் பெஞ்சில் நானும் சம்பந்தியம்மாவும் உட்கார்ந்து செபமாலை சொன்னோம். அக்கா தூணோரம் நின்றாள். ஒரு நர்ஸ் வந்து, "பழைய துணி கொண்டாந்திருக்கீங்களா?" என்றாள். போர்வையைக் கொடுத்தேன். காலை பத்தரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது.

குழந்தையைச் சுற்றி எடுத்து வந்தவள் வேறொரு நர்ஸ், அக்காவிடம் வேலை கற்றவள். எங்களைத் தாண்டி நேராகத் தூணோரம் போனாள். "அக்கா, வாங்குங்கக்கா. ஒங்க கையிலதான் மொதல்ல குடுக்கணும்னு ஓடியாரேன்."

அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

அந்தக் கையை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கொப்பூழ்க்கொடி மாலையாகச் சுற்றிய பிள்ளைகளையும், மூச்சில்லாமல் வந்த பிள்ளைகளையும், தாய் செத்துப்போன பிள்ளைகளையும் ஏந்திய கை என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது அவள் சொல்லியிருக்கிறாள். அந்தக் கையை அவள் பின்னால் ஒளித்துக்கொண்டு, "பாட்டிமாரு இருக்காங்கல்ல, அவங்ககிட்டக் குடும்மா" என்றாள். சம்பந்தியம்மா ஓடிப்போய் வாங்கினார். அவர் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். கெட்டவர் இல்லை அவர். கெட்டவராக இருந்திருந்தால் முழுக் கோபத்தையும் அவர் தலையில் இறக்கிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

மகளை அறைக்குக் கொண்டுவந்தார்கள். குழந்தையைப் பக்கத்தில் போட்டதும் அவள் விரலால் போர்வையைத் தடவிப் பார்த்தாள். "பெரியம்மா சேல எங்கம்மா?"

எனக்குப் பொய் தயாராக இருந்தது. அதற்குள் அக்கா, "நாந்தான் வேணாம்னேன். சுருங்கிப்போச்சு" என்றாள். எனக்காகச் சொன்னாள். என் பொய்யை என் வாயிலிருந்து எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அவ்வளவுதான். எனக்குள் அடங்கிக் கிடந்தது எல்லாம் வெடித்துவிட்டது. "சுருங்கவும் இல்ல, மண்ணும் இல்ல. ஒன் மாமியா மாத்தச் சொன்னாங்க. நான் சரின்னேன். வாழாதவ சேலையாம். நானே பிளேட எடுத்தேன். பிரிச்சுக் குடுத்தது யாரு தெரியுமா? இந்தா நிக்கிறாளே, இவதான்!"

மாப்பிள்ளை போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். சம்பந்தியம்மா, "நான் நல்லதுக்குத்தானுங்க சொன்னேன்" என்று முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்தார். "நல்லதுக்குச் சொன்னீங்க, சரி. தலையாட்டுனது நான்தான. ஒங்களச் சொல்லி என்ன?" என்று அவரிடமும் கத்தினேன். என் மகள் மாமியாரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"நீயாம்மா?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அக்கா என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினாள். "பச்ச ஒடம்புக்காரி முன்னால என்னடி கத்தல்? பால் வத்திரும். போ வெளிய."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பச்சைத் துண்டைத் தேடினேன். பீரோவில் இல்லை, அக்காவின் பெட்டியில் இல்லை. அவளிடமே கேட்டேன். அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினாள். அடுப்பு மேடையில் கிடந்தது. சூடான சட்டியை இறக்கக் கைப்பிடித் துணியாக வைத்திருந்தாள். ஓரத்தில் குழம்புக் கறை. நடுவில் இரண்டு இடத்தில் கருகிய வட்டம்.

"இதையா இப்புடி வச்சிருக்க?"

"வேணாம்னு எடுத்த துணிதான. வேற என்ன செய்ய?" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருக்கிறதா என்று நான் தேடித் தேடிப் பார்த்தேன்.

துவைத்தேன். கறை போனது, கருகல் போகவில்லை. மஞ்சளை நானே பிரித்தேன், பிளேடு விரலை இரண்டு இடத்தில் வெட்டியது. அக்கா வந்து பார்த்துவிட்டு, ஊசிகளில் பச்சை நூல் கோத்து வழக்கம்போல வரிசையாகக் குத்தி வைத்தாள். "கருகுனது தெரியுதுடி."

"தெரியட்டும்."

முனைகள் இந்த முறையும் பழையபடி சேரவில்லை. கருகிய இடம் விறைப்பாக இருப்பதால் ஊசி இறங்க முரண்டு பிடித்தது. ஆனாலும் தைத்து முடித்தேன். ஞானஸ்நானத்துக்குச் சம்பந்தியம்மா வந்தபோது அதைத்தான் கூடத்தில் விரித்துப் போட்டிருந்தேன். ஏதாவது சொல்லட்டும் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தயாராகவே நின்றேன். அவர் குனிந்து அந்தக் கருகலை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு குழந்தையைத் தன் கையாலேயே அதன் மேல் படுக்க வைத்தார். எனக்கு அது போதவில்லை. மகள் என்னிடம் பேசுகிறாள், ஆனால் போர்வையைப் பற்றிப் பேசுவதில்லை.

இப்போது குழந்தைக்கு மூன்று மாதம். நாள் முழுக்க அந்தப் பச்சையில்தான் கிடக்கிறது, புள்ளிகளைப் பிடிக்கப் பார்க்கிறது. அது அழுதால் முதலில் ஓடி வருவது அக்காதான். அடுப்படியிலிருந்து, குளியலறையிலிருந்து, எங்கே இருந்தாலும் வந்துவிடுகிறாள். வந்து போர்வையின் ஓரத்தில் நின்றுவிடுகிறாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள். மகள் பக்கம் பார்க்கிறாள், என் பக்கம் பார்க்கிறாள்.

"தூக்கட்டுமா?" என்று கேட்கிறாள்.

"இதென்ன கேள்வி? தூக்கு!" என்று நான் கத்துகிறேன். மகளும் சொல்கிறாள், "பெரியம்மா, ஏன் கேக்குற?" அதற்குப் பிறகுதான் குனிந்து எடுக்கிறாள். தோளில் போட்டதும் குழந்தை அடங்கிவிடுகிறது. அடுத்த முறை அழும்போது அவள் மறுபடி ஓடி வருகிறாள். மறுபடி அதே ஓரத்தில் நின்று கேட்கிறாள்.